வாடை இறங்கும்போது செசபீக்

மேரிலாந்துக்குப் புதிதாகக் குடிவரும் நம் ஊர்க்காரர்கள் ஜூன், ஜூலையில்தான் தூண்டிலும் ஐஸ் பெட்டியுமாக செசபீக் விரிகுடாவுக்கு வருகிறார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை, நல்ல வெயில், காரணம் புரிகிறது. ஆனால் என்னிடம் யார் கேட்டாலும் செப்டம்பர் கடைசி வரை பொறுக்கச் சொல்வேன். அக்டோபரில் கட்டாயம் வாருங்கள். நவம்பரில் கம்பளிச் சட்டையும் காது மூடும் தொப்பியும் போட்டுக்கொண்டு வாருங்கள். மீன், நண்டு, பறவை மூன்றும் ஒரே நேரத்தில் இடம் மாறுகிற காலம் இதுதான். அந்த இடமாற்றத்தைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் போதும், இந்த விரிகுடாவில் வெறுங்கையோடு திரும்புவது குறைந்துவிடும்.

நான் பழவேற்காட்டுக்காரன். இப்போது இருப்பது விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஈஸ்டன் என்ற சிறு ஊரில். உப்புத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலக்கிற இடத்தில் வளர்ந்ததால் செசபீக்கைப் பார்த்ததும் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அளவுதான் வேறு. வடக்கே சஸ்குவெஹானா ஆறு வந்து விழும் இடத்திலிருந்து தெற்கே வர்ஜீனியாவில் அட்லாண்டிக் கடலைத் தொடும் வாய் வரை சுமார் 320 கிலோமீட்டர். இத்தனை பெரிய நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் வெறும் 21 அடி. ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரும். இங்கே நடக்கிற எல்லாவற்றுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

கோடையில் என்ன ஆகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் லேசானது, மேலே மிதக்கும். கடலிலிருந்து வரும் உப்புத் தண்ணீர் கனமானது, கீழே தங்கும். இரண்டும் கலக்காது. வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வந்து சேரும் உரச்சத்தில் பாசி பெருகி, செத்து, அடியில் போய் அழுகும். அந்த அழுகல் அடித்தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீனுக்கு மேலே போனால் சூடு தாங்காது, கீழே போனால் மூச்சு விட முடியாது. நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஜூலை மதியத்தில் மணிக்கணக்காகத் தூண்டில் போட்டுவிட்டு ‘இங்கே மீனே இல்லை’ என்று திரும்பிப் போகிறவர்கள் இந்த அடுக்கின் மேலேயோ கீழேயோதான் தூண்டிலைப் போட்டிருப்பார்கள்.

செப்டம்பர் முடிவில் முதல் வாடை இறங்குகிறது. மேல்தண்ணீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்க, காற்று கலக்கிவிட, அடுக்குகள் உடைகின்றன. அடித்தட்டு வரை மறுபடி மூச்சுக் காற்று போய்ச் சேர்கிறது. மீன்கள் விரிகுடா முழுவதும் பரவுகின்றன, கரையோரத்துக்கும் வருகின்றன. இந்த மாற்றத்தை நம்மால் நேரடியாகப் பார்க்க முடியாது. ஆனால் அனாபொலிஸ் பக்கத்திலும் கூசஸ் ரீஃப் என்ற இடத்திலும் அமெரிக்கக் கடல், வளிமண்டலத் துறையான நோவா மிதவைகளைப் போட்டிருக்கிறது. தண்ணீரின் வெப்பம், உப்பு, காற்று, அலை எல்லாம் இணையத்தில் கிடைக்கும். அக்டோபரில் நான் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். தண்ணீர் 70 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா? சரி, இந்த விரிகுடாவின் முக்கிய மீனான ராக்ஃபிஷ் சுறுசுறுப்பாகிவிட்டது. 60-க்கு வந்துவிட்டதா? நண்டுக்குக் கடைசிச் சுற்று. 50-ஐத் தொட்டால் நண்டு வேலையைக் கட்டிவைத்துவிட்டுப் பறவைக்காக வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் பார்ப்பேன். கனடாப் பக்கமிருந்து இறங்கி வரும் குளிர்காற்றின் முகப்பு, அதாவது வானிலை அறிக்கையில் ‘கோல்ட் ஃப்ரண்ட்’ என்று சொல்வது, எந்த நாள் வருகிறது என்று. இலையுதிர் காலத்தில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று வரும். அது வருவதற்கு முந்திய நாள் தெற்குக் காற்று வீசும், மேகம் கட்டும், விரிகுடாவின் மேல்பகுதியில் தண்ணீர் ஏறி நிற்கும். அந்த நாள் மீனுக்கு. முகப்பு கடந்துபோனதும் வடமேற்குக் காற்று பிடிக்கும். தண்ணீரை அப்படியே தெற்கே தள்ளிக் கடலுக்கு அனுப்பிவிடும். கடல் ஏற்ற வற்ற அட்டவணையில் போட்டிருக்கும் வற்றத்தைவிட ஓரடி, இரண்டடி குறைவாக ஓடைகள் காய்ந்து கிடக்கும். படகு இறக்கும் சரிவுகளில் சேறுதான் தெரியும். அன்றைக்குப் படகை எடுக்காமல் இருப்பதே நல்லது. ஆனால் வாத்துகளும் கனடா வாத்துகளும் அந்தக் காற்றில் ஏறித்தான் தெற்கே வருகின்றன. அது பறவைக்கான நாள். காற்று தணிந்து வெயில் வந்த இரண்டாம், மூன்றாம் நாளில் ஆழமான பக்கத்தில் நண்டு பார்க்கலாம். இது என் கணக்கு. எல்லா வாரமும் இப்படியே நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் நாள்காட்டியை வைத்துத் திட்டம் போடுவதைவிட இது நிச்சயம் மேல்.

இப்போது மீன். இங்கே மீன் என்றால் ராக்ஃபிஷ்தான். மற்ற மாநிலங்களில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்பார்கள். வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால் வரை ஏழெட்டுக் கருங்கோடுகள். 1965 முதல் மேரிலாந்தின் மாநில மீன். வெள்ளைச் சதை, பெரிய முள், குழம்பில் உடையாது. நம் கொடுவாவைச் சமைத்துப் பழகிய கை எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அக்டோபரில் அது வேட்டையாடும் விதமே பார்க்க வேண்டிய ஒன்று. ஆண்டு முழுவதும் ஓடைகளில் வளர்ந்த சிறு மென்ஹேடனும், நெத்திலியும் குளிர் தெரிந்ததும் கூட்டம் கூட்டமாக ஆற்றைவிட்டு விரிகுடாவுக்கு இறங்கி வரும். மென்ஹேடன் மத்திக்கு உறவு, எண்ணெய் நிறைந்த மீன். இறங்கி வரும் கூட்டத்தை ராக்ஃபிஷ் கீழிருந்து மேலே துரத்தும். இரை போக இடமில்லாமல் மேல்மட்டத்தில் கொதிக்கும். மேலிருந்து கடற்காகங்கள் விழும். அரை மைல் தூரத்திலிருந்தே தெரியும். சாப்டாங்க் ஆற்றின் வாயிலும், ஈஸ்டர்ன் பேயிலும், பாப்லர் தீவைச் சுற்றியுள்ள பாறைகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

பறவைக் கூட்டத்தைக் கண்டதும் படகை நேராக நடுவில் விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கூட்டம் உடனே அடியில் போய்விடும், உங்களுக்கும் இல்லை, பக்கத்துப் படகுக்கும் இல்லை. காற்றின் மேற்பக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்து வந்து ஓரத்தில் எறிய வேண்டும். மேலே துள்ளுவதெல்லாம் பெரும்பாலும் சின்ன மீன். பெரிதுகள் அடியில் நின்று மேலிருந்து சிதறி விழும் துண்டுகளைத் தின்னும். அதனால் அரை அவுன்ஸ், முக்கால் அவுன்ஸ் ஜிக் தலையில் (எடைக்குண்டு வைத்த தூண்டில் முள்) வாலாட்டும் ரப்பர் மீனை மாட்டி, தரை தட்டும் வரை இறக்கி, மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டு வருவேன். எனக்கு வெள்ளையும் இளம்பச்சையும்தான் கைகொடுத்திருக்கின்றன.

படகு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கென்ட் தீவில் மட்டபீக் பாலமேடை, ரோமன்கோக் பாலமேடை இரண்டும் இருக்கின்றன. சாப்டாங்க் ஆற்றின் மேல் பழைய பாலத்தின் இரு முனைகளையும் விட்டுவைத்து மீன்பிடி மேடையாக்கியிருக்கிறார்கள், கேம்பிரிட்ஜ் ஊருக்குப் பக்கத்தில். பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பாட்டி மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒயிட் பெர்ச் என்ற சிறு மீனைப் பிடிக்கும் இடம் அது. பொழுது சாயும் நேரம், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம், இரண்டும் சேர்ந்தால் போதும். நின்ற தண்ணீரில் நிற்காதீர்கள்.

விதிகளைச் சொல்லாமல் இதை எழுதக் கூடாது. 2025 சீசனில் மேரிலாந்தின் விரிகுடாப் பகுதியில் ஒருவருக்கு ஒரு நாளில் ஒரே ஒரு ராக்ஃபிஷ்தான் என்று இருந்தது. நீளம் 19 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 24-ஐத் தாண்டவும் கூடாது என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதியோடு முடிந்தது. உயிர் இரை அல்லது வெட்டிய மீனைப் போட்டுப் பிடிப்பதானால் வளைந்த சர்க்கிள் ஹூக்தான் மாட்ட வேண்டும். அது மீனின் வயிற்றுக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும், விட்டால் பிழைக்கும்.

‘ஒரு மீனுக்கா இத்தனை தூரம்?’ என்று கேட்கும் நண்பர்களிடம் நான் கோபப்படுவதில்லை, கதையைச் சொல்வேன். 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் அள்ளி அள்ளிப் பிடித்து இந்த மீனே அழியும் நிலை வந்தது. 1985 ஜனவரியில் மேரிலாந்து முழுத்தடை போட்டது. ஐந்து ஆண்டுகள். பரம்பரையாக இதை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பொறுத்துக்கொண்டன. 1990-ல் மறுபடி திறந்தபோது மீன் திரும்பி வந்திருந்தது. தடை பலன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எங்கே இருக்கிறது?

இப்போது மறுபடி அதே கவலை. 1954 முதல் ஒவ்வொரு கோடையும் 22 இடங்களில் கரைவலை இழுத்து அந்த ஆண்டில் பிறந்த குஞ்சுகளை எண்ணுகிறார்கள். நீண்டகாலச் சராசரி ஒரு வலைக்கு 11 குஞ்சு. 2023-ல் வந்தது 1.0. 2024-ல் 2.0. 2025-ல் 4.0. ஏறியிருக்கிறது என்று ஆறுதல் படலாம், ஆனாலும் சராசரிக்குப் பாதிகூட இல்லை. 2019 முதல் ஒரு ஆண்டுகூட சராசரியைத் தொடவில்லை. சூடான குளிர்காலமும், வசந்தத்தில் ஆற்றில் நீர்வரத்துக் குறைவதும் குஞ்சுகளைக் கொல்கின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள். வானத்தை நாம் மாற்ற முடியாது. கையில் இருக்கும் மீனை விடுவது நம்மால் முடியும். தண்ணீரைவிட்டு வெளியே அதிகம் தூக்காமல், ஈரக்கையால் பிடித்து, படம் எடுக்க நேரம் கடத்தாமல் விட்டுவிடுங்கள்.

நண்டுக்கு வருவோம். எனக்கு மனதுக்கு நெருக்கமானது இதுதான். செசபீக்கின் நீல நண்டும் நம் கடலில் வலையில் மாட்டும் நீல நண்டும் ஒரே குடும்பம், கடைசிக் காலில் துடுப்பு வைத்திருக்கும் நீச்சல் நண்டுகள். இலையுதிர் காலத்து நண்டு கோடை நண்டைவிட எவ்வளவு உசத்தி என்று இங்கே பலருக்குத் தெரியவில்லை. ஜூலை நான்காம் தேதிக் கொண்டாட்டத்துக்கு மூட்டை மூட்டையாக வாங்குகிறார்கள், உடைத்தால் பாதி தண்ணீர். அக்டோபரில் நண்டு குளிர்காலத்துக்காகத் தின்று தின்று உடம்பை நிரப்பிக்கொள்கிறது. ஓட்டுக்குள் சதை இடைவெளி இல்லாமல் இருக்கும். மஞ்சள் கொழுப்பும் கெட்டியாக இருக்கும்.

நல்ல நண்டைக் கண்டுபிடிக்க அடிவயிற்றைத் திருப்பிப் பாருங்கள். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அண்மையில்தான் ஓடு கழற்றியிருக்கிறது, உள்ளே வளரவில்லை. துருப்பிடித்த மாதிரி கறை, ஓட்டில் அழுக்கு, பார்க்க அசிங்கமாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கனம் தெரியும்.

வை ஆற்றிலும் மைல்ஸ் ஆற்றிலும் கோடைக்கு நான்கைந்து அடி ஆழத்தில் திரியும் நண்டு, அக்டோபரில் பத்து, பதினைந்து அடிக்கு இறங்கிவிடும். நீண்ட கயிறில் வரிசையாக இரை கட்டி அடியில் படுக்க வைப்பார்கள், இரு முனையிலும் எடைக்கல், மிதவை. படகு மெல்ல அதன் மேல் ஊர்ந்து போகும்போது கயிறு உருளையில் ஏறி வரும். இரையைப் பிடித்துக்கொண்டே நண்டும் மேலே வரும். வெளிச்சம் தெரிந்து கையை விடும் நொடியில் கைவலையால் அள்ள வேண்டும். கோழிக் கழுத்து எல்லோரும் போடுவது. நீளச் சிப்பி கிடைத்தால் அதற்கு இணை இல்லை. மேடையிலிருந்து நூலில் கோழிக் கழுத்தைக் கட்டி இறக்கிக் கைவலையோடு பிடிப்பதற்கு உரிமம்கூட வேண்டாம், தலைக்கு இரண்டு டஜன் வரை. பிள்ளைகளுக்குத் தொடங்கி வைக்க இதைவிட நல்ல வேலை கிடையாது.

ஜூலை நடுவிலிருந்து சீசன் முடியும்வரை ஆண் நண்டு ஓட்டின் முனைக்கு முனை ஐந்தேகால் அங்குலம் இருக்க வேண்டும். நம்மைப் போல உரிமம் எடுத்து வீட்டுக்குப் பிடிக்கிறவர்கள் பெண் நண்டை எடுக்கவே கூடாது. இதைத் தொலைபேசியில் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

“பொட்ட நண்டத் தண்ணியில விடுறியா? சினை நண்டுக்குத்தானப்பா காசு?”

“சினை வைக்கப் போற நண்டு சித்தப்பா. இங்கேர்ந்து நூறு மைல் கீழ நடந்து போய் விரிகுடா வாய்கிட்டதான் முட்ட போடும்.”

“யாரு பாக்கப் போறா?”

“பாக்குறாங்க. பாக்காட்டியும் விடணும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு பழவேற்காட்டில் ‘பாடு’ முறையைப் பற்றி அவரே எடுத்தார். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பது எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. “முறைன்னா முறைதான்” என்றார். அவருக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெண் நண்டின் அந்தப் பயணம்தான் இலையுதிர் காலத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சி என்பேன், கண்ணில் படாவிட்டாலும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இணைசேரும். கிடைத்த விந்தை உடம்பில் சேமித்துக்கொண்டு, உப்பு அதிகமான தெற்குத் தண்ணீரை நோக்கி அக்டோபர் முழுவதும் அடித்தரையில் போய்க்கொண்டே இருக்கும். வர்ஜீனியா வாய்க்கருகே சேற்றில் புதைந்து குளிரைக் கழித்து, மறுகோடையில் லட்சக்கணக்கான முட்டைகள். குஞ்சுகள் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு, மறுபடி காற்றும் நீரோட்டமும் கொண்டுவந்து சேர்க்கும். ஆண் நண்டுகள் இங்கேயே ஆழமான கால்வாய்ச் சேற்றில் புதைந்துகொள்ளும். அப்படிப் புதைந்து கிடக்கும்போதுதான் 1,500 இடங்களில் வாரியிழுத்து எண்ணுகிறார்கள், 1990 முதல் ஒவ்வொரு குளிர்காலமும். 2025 கணக்கு 23.8 கோடி. இதற்குமுன் இதைவிடக் குறைந்தது 2022-ல் மட்டும்தான், 22.6 கோடி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நண்டைப் பெட்டியில் போட எனக்குக் கை வராது.

நண்டைச் சமைப்பது பற்றி இங்கே உள்ளூர்க்காரர்களோடு நான் வாதாடுவதில்லை. அவர்கள் வினிகர் ஆவியில் வேகவைத்து மேலே மசாலாத் தூளைக் கொட்டி, மேஜையில் செய்தித்தாளை விரித்துச் சுத்தியலால் உடைத்து மாலை முழுக்கச் சாப்பிடுவார்கள். அருமையான பழக்கம். எங்கள் வீட்டில் மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்த குழம்புதான். அக்டோபர் நண்டில் கொழுப்பு அதிகம் என்பதால் தேங்காய் குறைத்துப் போடுவாள் என் மனைவி. காலையும் கொடுக்கையும் தட்டி ரசம் தனி.

நவம்பரில் நண்டு நின்றதும் வானம் திறக்கிறது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாட்டர்மேன் ஒருவர் இருக்கிறார். இங்கே சிப்பியும் நண்டும் மீனும் பிடித்து வாழ்கிறவர்களுக்கு அந்தப் பெயர். டில்மன் தீவில் பிறந்தவர், எல்லோரும் ‘கேப்’ என்று கூப்பிடுவோம். அவர்தான் என்னை முதலில் வாத்து வேட்டைக்கு அழைத்துப் போனார், பாதுகாப்புப் பயிற்சி முடித்துவிட்டு வா என்ற நிபந்தனையோடு. இந்தியாவில் சட்டப்படி காட்டுப் பறவை வேட்டை கிடையாது. அந்த மனதோடு துப்பாக்கியைத் தொட எனக்குத் தயக்கம் இருந்தது. கேப் வற்புறுத்தவில்லை. முதல் சீசன் முழுவதும் பொம்மை வாத்துகளை நீரில் வைக்கவும், நாணல் சார்த்திய மறைப்பில் உட்கார்ந்து பார்க்கவும்தான் செய்தேன்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே போய்விட வேண்டும். சூரியன் எழ அரை மணி நேரம் முன்பிருந்து மறையும் வரைதான் சுடலாம். பொம்மைகளைக் காற்று வரும் திசையைப் பார்த்து வைப்பார், நடுவில் ஒரு காலியிடம் விட்டு. பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், அந்தக் காலியிடம்தான் அதற்கு விமானத் தளம். இருட்டில் இறக்கையின் விசில் சத்தம் தலைக்கு மேல் போகும், எதுவும் தெரியாது. வெளுக்க ஆரம்பித்ததும் சத்தத்துக்கெல்லாம் உருவம் வரும். மல்லார்ட், கறுப்பு வாத்து, வடக்கே போனால் கேன்வாஸ்பேக். தெளிந்த நீல வானமும் காற்றில்லாத காலையும் வேட்டைக்கு வீண். சாம்பல் வானமும் 15 நாட் காற்றும் வேண்டும், அப்போதுதான் பறவைகள் திறந்த தண்ணீரை விட்டு ஓடைகளுக்குள் ஒதுங்கும். வடமேற்குக் காற்று தண்ணீரை வெளியேற்றிய நாளில் ஆழமற்ற குட்டைகள் வற்றிப்போய், மிச்சமிருக்கும் நீரில் எல்லாம் வந்து கூடும்.

கனடா வாத்துகளின் கதையும் ராக்ஃபிஷ் கதைதான். வடக்கு கியூபெக்கின் உங்காவா பகுதியில் குஞ்சு பொரித்து இங்கே குளிர் கழிக்க வருகிறவை. 1988-ல் 1,18,000 இணைகள் இருந்தது 1995-ல் 29,000 ஆனது. உடனே வேட்டையை நிறுத்தினார்கள், 2001-ல்தான் திறந்தார்கள். 2018-ல் வடக்கே பனி உருகத் தாமதமாகிக் குஞ்சு பொரிப்பு பொய்த்தது. அதிலிருந்து வலசை வரும் வாத்துக்கு ஒருவருக்கு ஒரு நாளில் ஒன்றுதான். கேப்பின் இளமையில் கிழக்குக் கரை முழுவதும் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கி வேட்டையாடிய ஊர்கள் இவை. இன்றைய வரம்பைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ‘அந்த ஆறு வருஷம் வானத்தில் சத்தம் குறைஞ்சிருந்தது’ என்பார், அவ்வளவுதான்.

வேட்டைக்காரர்கள் ஆண்டுதோறும் வாங்கும் வாத்து முத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். 1934-ல் தொடங்கியது, இன்று 25 டாலர். அந்தப் பணம் சதுப்பு நிலம் வாங்கிப் பாதுகாக்கப் போகிறது. துப்பாக்கியே தொடாதவர்களும் வாங்கலாம், நான் தொடுவதற்கு முன்பே வாங்கினேன். 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவைக்கு ஈயக் குண்டு தடை. அடியில் கிடக்கும் ஈயத்தைக் கூழாங்கல் என்று விழுங்கிப் பறவைகள் செத்துக்கொண்டிருந்தன.

சுட விருப்பமில்லாதவர்கள் ராக் ஹால் பக்கம் ஈஸ்டர்ன் நெக் சரணாலயத்துக்குப் போங்கள். நவம்பர் நடுவில் அலாஸ்காவின் வடகோடியிலிருந்து டன்ட்ரா அன்னங்கள் வந்து இறங்கியிருக்கும். பாலத்தின் மேல் நின்றால் போதும். தெற்கே கேம்பிரிட்ஜ் பக்கம் 1933 முதல் இருக்கும் பிளாக்வாட்டர் சரணாலயத்தில் பனி வாத்துகள். ஈஸ்டனில் 1971 முதல் நவம்பரில் நடக்கும் நீர்ப்பறவைத் திருவிழாவுக்கு ஊரே கூடும். மரத்தில் செதுக்கிய பொம்மை வாத்துகளை அங்கே பாருங்கள், இறகு ஒவ்வொன்றும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஆழம் குறைந்த விரிகுடாவில் காற்று ஏறினால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும், அடுத்தடுத்து வரும். சிறு படகை நிரப்ப அதிக நேரம் ஆகாது. நவம்பர் தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் முதல் நிமிடத்தில் மூச்சு தடுமாறும். மிதவைச் சட்டையைப் படகில் வைத்திருப்பது போதாது, உடம்பில் போட்டிருக்க வேண்டும். வானிலைத் துறை சிறு படகுகளுக்கு எச்சரிக்கை கொடுத்த நாளில் மேடையிலேயே நில்லுங்கள். தனியாகப் போகிறவர் எங்கே போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும்.

ராக்ஃபிஷ் சீசன் முடிந்த பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில் நீலக் கெளுத்தி. 1970, 80-களில் வர்ஜீனியாவின் ஜேம்ஸ், யார்க், ராப்பஹானக் ஆறுகளில் விளையாட்டு மீன்பிடிப்புக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று விரிகுடா முழுவதும் பரவி, நண்டையும் மென்ஹேடனையும் ராக்ஃபிஷ் குஞ்சையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம், மாநிலமே பிடிக்கச் சொல்கிறது. சாப்டாங்கின் மேல்பகுதியிலும் நான்டிகோக் ஆற்றிலும் ஆழமான வளைவுகளில், வெட்டிய மீனை இரையாக அடியில் போட்டு விட்டால் குளிர்காலத்திலும் கடிக்கும். ஐந்தாறு பவுண்டு மீன்தான் ருசி, அதற்கு மேலே வேண்டாம். தோலை உரித்து, பக்கவாட்டில் சிவப்பாக ஓடும் சதையை வெட்டி எறிந்துவிட்டு, மஞ்சளும் உப்பும் தடவி வையுங்கள். புளி கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, பூண்டும் வெந்தயமும் தாளித்துக் குழம்பு வைத்தால், மறுநாள் காலை இட்லிக்கும் ஆகும்.